எலும்பக்காவின் ரேடியோ

அக்கா காதுத் தோட்டைக் கழற்றி என் சட்டைப் பையில் போடுகிறார். கைபேசியை என் கையில் திணிக்கிறார். முடியைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கல்லில் இருக்கும் வட்ட ஓட்டைக்குள் தலையை நுழைக்கும்போதே முனக ஆரம்பித்துவிடுகிறார். எந்தப் பாட்டின் மெட்டு என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. தோள் போகிறது, இடுப்பு போகிறது, கடைசியில் செருப்பில்லாத இரண்டு பாதங்கள். குரல் மட்டும் வெளியே நிற்கிறது.

எங்கள் அகழாய்வுத் தளத்தில் அவரை எல்லோரும் எலும்பக்கா என்போம். மண்ணில் கிடக்கும் எலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா, என்ன வயது, எங்கே அடிபட்டது என்று சொல்வது அவர் படித்த படிப்பு. ஆளும் அப்படித்தான், ஒல்லி. வரலாற்றுக்கு முந்தைய மக்கள் பலகைக் கற்களை நான்கு பக்கமும் நட்டு, மேலே ஒரு பாறையை ஏற்றி மூடிய கல்லறை இது. உள்ளே போக அந்த ஓட்டை ஒன்றுதான் வழி. எங்கள் பொறுப்பாளருக்கு அதில் கை மட்டும் நுழையும். "சார் தொப்பை வெளிய நின்னு கண்காணிக்கும்" என்பார் அக்கா, அவர் எதிரிலேயே.

முனகல் வெறும் பழக்கமில்லை. மூடுகல்லில் ஒரு விரிசல் ஓடுகிறது. உள்ளே நிறைந்திருந்த மண்தான் இத்தனை காலமும் பக்கக் கற்களைச் சாயாமல் தாங்கியிருக்கிறது என்பது, முக்கால்வாசி மண்ணை அள்ளிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அவசரமாக முட்டுக் கொடுத்தோம். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டினோம். கல் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடையும். உடைந்தால் அத்தோடு வேலை முடிந்தது. உள்ளே மணலைக் கொட்டி நிரப்பிவிட வேண்டும் என்று உத்தரவு. கண்ணாடியை மேஸ்திரி பார்த்துக்கொண்டிருப்பார். அக்காவை நாங்கள் காதால் பார்த்துக்கொண்டிருப்போம்; முனகல் கேட்கும்வரை ஆள் பத்திரம்.

முனகலுக்கு நடுவே உள்ளே கிடக்கும் எலும்புக்கூட்டோடு பேச்சும் உண்டு. "கொஞ்சம் தோளைத் தூக்குங்க சார்... ஆங், அவ்வளவுதான். பல்லு ஏன் இப்படித் தேஞ்சிருக்கு? கல்லையா தின்னீங்க?" பதில் வராததில் அவருக்கு வருத்தமில்லை. "எங்க வீட்ல மட்டும் கேட்ட உடனே பதில் வருதாக்கும்!"

அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். எலும்பைச் சுத்தம் செய்யப் பழைய பல் பிரஷ்தான் பதம் என்று அக்கா அவருடையதையும் தூக்கி வந்துவிடுகிறார் என்பது அவர் புகார். மதியம் வண்டியை நிறுத்தியதும் அழைப்பார். நான்தான் எடுப்பேன். "ரேடியோ ஓடுதா தம்பி?" "ஓடுது மாமா." அக்காவின் முனகலுக்கு மாமா வைத்த பெயர் அது. அவ்வளவுதான் பேச்சு.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். "பட்டம் வாங்கியும் மண்ணுதானா?" என்று அப்பா கேட்டார். சல்லடையில் மண்ணைச் சலிக்கும்போது வேறொரு கேள்வியும் குடையும்: எப்போதோ செத்துப்போனவரைத் தெரிந்துகொள்ள, உயிரோடு இருப்பவரைப் பாறைக்கு அடியில் அனுப்பலாமா? அக்காவிடமே கேட்டேன்.

"நான் போகலன்னா அவரு தலை யாருக்கும் தெரியாமலே நசுங்கிப் போகும்டா."

"பயமா இல்லையாக்கா?"

"பயமில்லன்னா எதுக்குடா பாடுறேன்?"

அன்று மண்டையோடு கண்குழி வரை வெளிப்பட்டிருந்தது. "இன்னிக்கு அவரைக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நுழைந்தார். மதியம் கைபேசி அடித்தது. காதில் வைக்கும்போதே 'டிக்' என்று ஒரு சத்தம். மேஸ்திரி துள்ளி எழுந்தார். கண்ணாடி இரண்டாகியிருந்தது.

"அக்கா! வெளிய வாங்க!"

முனகல் நின்றுவிட்டது.

"ரேடியோ ஓடுதா தம்பி?"

ஓட்டையிலிருந்து பொடிமண் உதிர்ந்தது. பொறுப்பாளர் மண்டியிட்டு, கையை உள்ளே விட்டுத் துழாவினார். "விட்டுட்டு வாம்மா! எலும்பு போனாப் போகுது!" நான் வாயைத் திறந்தேன். ஓடுது என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. கைபேசியில் பேருந்துகளின் இரைச்சல். "தம்பி?" என்றார். இணைப்பைத் துண்டிக்கவில்லை.

பாதம்தான் முதலில் தெரிந்தது. மேஸ்திரி கணுக்காலைப் பிடித்து இழுத்தார். இடுப்பு, தோள், தலை. வாயில் டார்ச் விளக்கைக் கடித்திருந்தார். கடைசியாக வெளியே வந்த இரண்டு கைகளிலும், துணியில் பொதிந்த ஒரு கீழ்த்தாடை. மண்டையோடு உள்ளேயே நின்றுவிட்டது.

டார்ச்சைத் துப்பினார். "ஆளைப் பாதிதான் கூட்டிட்டு வர முடிஞ்சுது" என்று கரகரத்தார். பொறுப்பாளர் மணல் லாரிக்குக் கை காட்டினார்.

"மாமா லைன்ல இருக்காரு" என்று கைபேசியை நீட்டினேன். தாடையைப் பஞ்சுப் பெட்டியில் கிடத்திவிட்டு வாங்கிக்கொண்டார். லாரியின் பின்கதவு திறந்து மணல் சரியும் சத்தம் கேட்டது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஹலோ என்றும் சொல்லவில்லை. கைபேசியை வாயருகே வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தூசி அடைத்த தொண்டையால் அந்தப் பெயர் தெரியாத மெட்டை முனக ஆரம்பித்தார்.