இன்னவும் என்னவும்

உதுமாலெப்பைக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. எங்கள் ஊர் சாய்ந்தமருதில் அவனைத் தேடி வருகிறவர்கள் வீடு எங்கே என்று கேட்பதில்லை, ஆள் எந்தப் பக்கம் போனான் என்றுதான் கேட்பார்கள். சோற்றை நின்றுகொண்டே தின்பான். பள்ளியில் தொழுது ஸலாம் கொடுத்த கையோடு செருப்பைத் தேடுவான். வயலுக்குப் போனான், கரைவலை இழுத்தான், மில்லில் மூட்டை சுமந்தான். ஒன்றிலும் நிலைக்கவில்லை. "கால்ல சுடுதண்ணிய ஊத்திக்கிட்டுப் பொறந்தவன்" என்று அவனுடைய உம்மா தலையில் அடித்துக்கொள்வா.

சூறாவளி அடித்த மறு வருடம், எழுபத்தொன்பதில், ராணுவத்துக்கு, எங்கள் பேச்சில் ஆமிக்கு, ஆள் எடுக்கிறார்கள் என்ற கதை ஊருக்கு வந்தது. அம்பாறையில் ஒரு மைதானத்தில் ஓட்டமாம். முதலில் கோட்டைத் தாண்டுகிற இருபது பேருக்குத்தான் அடுத்த சோதனையாம். ஓடுவதற்குச் சம்பளம் கொடுக்கிற உத்தியோகமும் துனியாவில் உண்டென்று உதுமாலெப்பைக்கு அன்றுதான் தெரிந்தது. இது கிடைக்காவிட்டால் தனக்கு வேறெதுவும் கிடையாது என்று முடிவு கட்டிவிட்டான்.

விடியலில் சுபஹுத் தொழுகை முடிந்ததும் கடற்கரைக்குப் போய், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கால் புதைகிற மணலில் ஓடுவான். சூறாவளி சாய்த்த தென்னைகள் கரை நெடுகக் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாய்த் தாண்டுவான். "ஆர்ரா உன்னத் துரத்துற? பொண்ணு குடுக்க வாற மாமியா?" என்று கரைவலைக்காரர்கள் கூவுவார்கள். வீட்டுக்கு வந்து பச்சை முட்டை குடிப்பான். கோழி இடுவதற்கு முன்பே கையை நீட்டுகிறானே என்று உம்மாவுக்கு ஆத்திரம்.

உடம்பு தேறிவிட்டது. சிங்களம்தான் ஒரு சொல்லும் தெரியாது. மில் லொறியில் அம்பாறைக்குப் போய்வரும் கூட்டாளி மஜீட்டைப் பிடித்தான்.

"துவன்ன எண்டா ஓடு. இன்ன எண்டா நில்லு. என்ன எண்டா வா" என்றான் மஜீட்.

"என்ன?"

"வா."

"எங்க வாற?"

"அட பேயா! சிங்களத்தில என்ன எண்டா வா எண்டுதான் கருத்து. நிண்டு கேளன்டா!"

நின்று கேட்க அவனால் முடியுமா? ஓடிக்கொண்டேதான் பாடமாக்கினான். எங்கள் ஊரில் ஆரும் கூப்பிட்டால் "இன்னா வாறன்" என்று சொல்லிக் கிளம்புவோம். ஆரும் "என்ன?" என்று கேட்டால் நடக்கிற காலும் நிற்கும். உதுமாலெப்பை சிங்களச் சொற்களை இந்த முளைகளில் கட்டிவைத்தான். இன்ன என்றால் போக வேண்டும், என்ன என்றால் நிற்க வேண்டும். மஜீட் சொன்னது அப்படியே தலைகீழாகிவிட்டது. அலையோரத்தில் அதைச் சொல்லிச் சொல்லி ஓடியதில் எலும்புவரை ஏறியும் விட்டது.

ஓட்டத்தன்று வெறுங்காலோடு ஓடினான். மணலில் பழகிய காலுக்குப் புல்தரை வெறும் பாய். கடைசிச் சுற்றில் அவனுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. சுண்ணாம்புக் கோட்டின் அருகில் நின்ற அதிகாரி கையைத் தூக்கி உற்சாகமாய்க் கத்தினார்:

"என்ன! என்ன! என்ன!"

பிறந்த நாள் முதல் நிற்காத உதுமாலெப்பை நின்றான். கையிரண்டையும் தொடையோடு ஒட்டி, விறைத்துக்கொண்டு நின்றான். கோட்டுக்கும் அவனுக்கும் இடையில் ஒரு தோணியின் நீளம்தான். பின்னால் வந்தவர்கள் அவனை இடித்துக்கொண்டு போனார்கள். அதிகாரி காலை உதைத்து "என்ன! என்ன!" என்று கத்த, இவன் இன்னும் விறைத்தான். இருபதாவது ஆளும் தாண்டிய பிறகு, மிச்சப்பேரை மறிக்க அவர் "இன்ன!" என்றார். உதுமாலெப்பை பாய்ந்து கோட்டைத் தாண்டி, சிரித்தபடி நின்றான். சொன்ன சொல் கேட்டவன் தன்னைவிட ஆரும் இல்லை என்ற நினைப்பு அவனுக்கு. அதிகாரியும் சிரித்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அவன் பெயரைக் கூப்பிடவில்லை. பஸ் நிலையத்தில் காத்திருந்த மஜீட் கதையைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"உன்ன வா, வா எண்டு கூப்பிட்டிரிக்கான்டா!"

உதுமாலெப்பை அப்படியே தரையில் குந்தினான். பஸ் வரும்வரை எழும்பவில்லை. தோற்றிருந்தால் தாங்கியிருப்பான். வென்றுவிட்டு நின்றதுதான் அவன் நெஞ்சை அறுத்தது.

பிறகு சுபைறாவைக் கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி அவளுடைய வீட்டோடு போனான். சைக்கிளில் பெட்டி கட்டி, மேற்கே உள்ள சிங்களக் கிராமங்களுக்கு மீன் கொண்டுபோனான். நிலைத்த தொழில் அது ஒன்றுதான், சக்கரம் உருண்டுகொண்டே இருக்குமல்லவா? மீனுக்குச் சிங்களத்தில் மாலு. வேலிக்குள்ளிருந்து பெண்கள் "மாலு, என்ன!" என்று கூப்பிடுவார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டு அவர்களிடம் போவான். சிங்களம் நன்றாகவே வந்துவிட்டது.

எண்பத்தைந்தில் சண்டை எங்கள் பக்கமும் வந்தது. "ஆமிக்குப் போயிருந்தா உன்ட மையத்தும் வந்திராது. அல்லாஹ் காப்பாத்தினான்" என்று ஊரார் சொல்வார்கள். அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "மௌத்து வேற கதை. அண்டைக்கு முதலாவதா வந்தது நான்" என்பான்.

ஒருநாள் வீதியில் புதிதாய்ப் போட்ட ஆமித் தடையில் ஒரு சிப்பாய் "இன்ன!" என்றான். உதுமாலெப்பை சரியாக நின்றான். சிப்பாய் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன!" என்றான்.

கருத்துத் தெரியும். தினமும் கேட்கிற சொல். ஆனால் அந்தச் சீருடையும் அந்தச் சொல்லும் சேர்ந்ததும் கால் மண்ணில் ஒட்டிக்கொண்டது. "என்ன!" சிப்பாயின் துவக்கு உயர்ந்தது. உதுமாலெப்பை பல்லைக் கடித்துக்கொண்டு காலைப் பெயர்த்தான். இடையில் ஒரு தோணியின் நீளம்தான் இருந்திருக்கும். சைக்கிளை உருட்டிக்கொண்டு அதை நடந்து முடித்தான். சிப்பாய் பெட்டியைக் கிளறிவிட்டுப் போகச் சொன்னான்.

வீட்டுக்கு வந்தவன் வாசலில் குந்திவிட்டான். அவன் குந்தியதைப் பார்த்ததும் சுபைறா பயந்துபோனாள்.

"என்ன நடந்த உங்களுக்கு?"

"கூப்பிட்டான், போனன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் புள்ள" என்றான். "அண்டைக்கும் அவ்வளவுதான் செஞ்சிரிக்கோணும்."