ஆறக் கூடாத காயம்

தன் கடையில் கண்ணாடியை வெட்டி முடித்ததும் அதன் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாக வேண்டும் அவருக்கு. மெஷினில் தேய்த்து மழுக்கும்வரை கை பொறுக்காது. அடிக்கடி கீறிக்கொள்வார். கவலைப்பட மாட்டார். "ராத்திரி கீறினா விடியறதுக்குள்ள ஒட்டிக்கும். என் உடம்பு வாகு அப்படி!" என்று தழும்பே இல்லாத கையை வாடிக்கையாளரின் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

கடைத்தெருவில் அவருக்கு 'ஏன் அண்ணன்' என்று பெயர். எதைச் சொன்னாலும் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை 'ஏன்'தான். கடை இருந்த கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்க வந்தவர் ஒருமுறை இவருக்குப் பதில் சொல்லியே களைத்துப்போய், லிஃப்டை விட்டுவிட்டு மறுநாள் வந்தார்.

இரண்டு கண்ணிலும் அழுத்த நோய் என்று தெரிந்தபோது வலது கண்ணில் பார்வை பாதிக்கு மேல் போயிருந்தது. வலியில்லாமல், சொல்லாமல் கொள்ளாமல். இடது கண்ணையாவது காப்பாற்ற ஆபரேஷன் நடந்தது.

"கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி வெளிய போறதுக்குப் புதுசா ஒரு வழி வச்சிருக்கேன்" என்றார் டாக்டரம்மா. "உடம்பு அதைக் காயம்னு நினைச்சு மூடப் பார்க்கும். உள்ள தழும்பு விழுந்தா வழி அடைஞ்சிடும். அதைத் தடுக்கத்தான் இந்த ஸ்டீராய்டு சொட்டு மருந்து."

"ஏன் டாக்டர், ஆறுறதுக்கு மருந்து கேள்விப்பட்டிருக்கேன். ஆறாம இருக்கறதுக்குமா?"

"மேல ஆறட்டும். உள்ள வழி மட்டும் மூடக் கூடாது."

இந்த அதிசயத்தைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மருந்து விட்டது மைத்துனர். மனைவியின் தம்பி, கடையில் கூட்டாளி. சொட்டு விழும்போதெல்லாம் இவர் வாய் தானாகத் திறந்துகொள்ளும். "வாயை மூடுங்க மாமா, மருந்து கண்ணுக்கு!"

சில வாரத்தில் கண்ணின் சிவப்பு மறைந்தது. அப்போதுதான் ஒரு வாடிக்கையாளர், "ஸ்டீராய்டா? ஐயோ, எலும்பெல்லாம் கரைஞ்சுடுமே!" என்று சொல்லிவிட்டுப் போனார். உலகத்தையே கேள்வி கேட்பவர், அவரிடம் மட்டும் ஏன் என்று கேட்கவில்லை. "இனி நானே போட்டுக்கிறேன் மாப்ள" என்று பாட்டிலை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு மூடியையே திறக்கவில்லை.

அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மா கண்ணை இரண்டு முறை அளந்து பார்த்தார். அழுத்தம் மறுபடி ஏறியிருந்தது.

"மருந்தை எப்போ நிறுத்தினீங்க?"

பக்கத்தில் இருந்த மைத்துனர் இவரைப் பார்த்தார்.

"உங்க உடம்பு ரொம்பச் சுறுசுறுப்புய்யா" என்றார் டாக்டரம்மா. " எனக்கு அதுதான் பயம். வழி பாதி மூடிக்கிச்சு."

ஆபரேஷனில் போட்ட தையல்களில் ஒன்றை லேசரால் தளர்த்தி, மருந்தை அடிக்கடி விடச் சொல்லி அனுப்பினார். வழி திறக்குமா என்பது போகப் போகத்தான் தெரியும் என்றார்.

பஸ்ஸில் மைத்துனர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். இறங்கும்போதுதான் வாய் திறந்தார். "தினமும் கேட்டேனே மாமா. போட்டாச்சு போட்டாச்சுன்னீங்களே."

"பயந்துட்டேன் மாப்ள. சொன்னா சிரிப்பியோன்னு..."

"நல்லா சிரிச்சிருப்பேன். சிரிச்சுட்டு மருந்து விட்டிருப்பேன்."

அதற்கப்புறம் ஒரு வேளைகூட மருந்து தவறவில்லை. ஆனால் மைத்துனர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். வருவார், விடுவார், போவார். இவர் வாயைத் திறந்தாலும் கிண்டல் இல்லை. கடை முழுக்கக் கண்ணாடி அறுபடும் சத்தம் மட்டும்தான்.

அழுத்தம் இறங்கிவிட்டது, வழி திறந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்ன அன்று இருவரும் நேராகக் கடைக்கு வந்தார்கள். "நான் சொல்றவரைக்கும் ஒரு சொட்டுகூடக் குறைக்கக் கூடாது" என்பதையும் சேர்த்தே சொல்லி அனுப்பியிருந்தார். மைத்துனர், அரைகுறையாக நின்றிருந்த ஒரு ஜன்னல் கண்ணாடியை அளக்கக் குனிந்தார்.

'ஏன் அண்ணன்' கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பாட்டிலை எடுத்துக் குலுக்கினார். மேஜையைச் சுற்றிக்கொண்டு போய், மைத்துனரின் காலடியில் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்து, பாட்டிலை அவர் பக்கம் நீட்டினார். பிறகு, யாரும் சொல்லாமலே, கீழிமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு முகத்தை நிமிர்த்திக் காத்திருந்தார்.