இரண்டு வண்டிக்கு ஒரு கன்வர்ட்டர்

டெல்லியில் பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து வயது வரைதான் ஆயுசு. என் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு அது முடிய இரண்டு மாதம் இருந்தபோது எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. வண்டியை அங்கே கொண்டுபோய்ப் பதிவு செய்ய இங்கே ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு, புகைச் சோதனையில் தேறிய பொல்யூஷன் சர்டிஃபிகேட் வேண்டும். தேறாவிட்டால் வண்டி இங்கேயே நின்று பழைய இரும்புக்குப் போகும்.

தேறாது என்று எனக்குத் தெரியும். தேறாதபடி பார்த்துப் பார்த்துச் செய்தவனே நான்தான். எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் கன்வர்ட்டர் என்று ஒரு குண்டுப் பெட்டி இருக்கும். புகையின் விஷத்தைக் குறைப்பது அதன் வேலை. வேகத்தையும் கொஞ்சம் தின்னும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் குழாயை மாட்டுவதுதான் எங்களைப் போன்ற பைத்தியங்கள் முதலில் செய்யும் காரியம்.

எங்களை என்றால் இரண்டு பேர். ஆர்.கே.புரத்தில் இருந்த என் நண்பருக்கும் அதே மாடல், அதே பைத்தியம். மத்திய அரசு உத்தியோகம். டெல்லியிலேயே பிறந்தவர்தான் என்றாலும் வாயைத் திறந்தால் திருநெல்வேலி. மலை மந்திர் வாசலில் எங்கள் வண்டிகள் தற்செயலாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அன்று இரண்டு பேரும் உள்ளே போய் முருகனைக் கும்பிட்டதாக நினைவில்லை.

இருவரும் ஒரே வாரத்தில்தான் கன்வர்ட்டரைக் கழற்றினோம். என்னுடையதைப் பழைய இரும்பு வாங்கும் கபாடிக்காரரிடம் போட்டேன். அவருடையதை வைத்துக்கொண்டோம். வருஷத்துக்கு ஒரு நாள் சோதனைக்குத்தானே வேண்டும், இரண்டு எதற்கு என்று பேசிக்கொண்டது எங்களுக்கு அன்று பெரிய சாமர்த்தியமாகப் பட்டது. பிரம்மச்சாரிகள் அறையில் இன்டர்வியூவுக்கென்று ஒரே ஒரு நல்ல சட்டை இருக்குமே, அதுபோல அந்தப் பெட்டி நான் இருந்த மயூர் விஹாருக்கும் ஆர்.கே.புரத்துக்கும் போய்வந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை மாட்டுவோம், ஞாயிறு சோதனை, திங்கள் கழற்றிவிடுவோம். அந்த மாடலை நம் நாட்டில் விற்பதை நிறுத்திப் பல வருஷமாகிறது. புதிதாக ஒன்று வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

நவம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில், பழைய போர்வையில் சுற்றிய பெட்டியோடு நண்பர் மெக்கானிக் கடைக்கு வந்தார். வெளியே கண் எரிந்தது. நகரமே மூடிய சமையலறைபோல இருந்தது. அதில் எங்கள் பங்கும் உண்டு என்பதை நாங்கள் பேசுவதில்லை.

“எனக்கும் வியாழக்கிழமை பொல்யூஷன் சர்டிஃபிகேட் முடியுது வே. அப்புறம் பங்க்ல ஒரு சொட்டு பெட்ரோல் போட மாட்டான். திங்கக்கிழமை சாயங்காலம் கழத்தி அனுப்பிரும். மறக்கப்பிடாது, என்ன?”

“மறப்பேனா?” என்றேன்.

ஆயில், பிளக், ஏர் ஃபில்டர் எல்லாவற்றையும் மெக்கானிக் புதிதாகப் போட்டார். எஞ்சினில் நாங்கள் ஏற்றிவைத்திருந்த திருட்டு செட்டிங்கை லேப்டாப்பில் அழித்துக் கம்பெனி செட்டிங்குக்கு மாற்றினார். கன்வர்ட்டரை மட்டும் அவர் தொட நண்பர் விடவில்லை. தானே வண்டிக்கு அடியில் படுத்து, துருப்பிடித்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்டி மாட்டினார். எழுந்தபோது இரண்டு விரல்களில் தோல் உரிந்திருந்தது.

மறுநாள் சோதனைக்கும் கூடவே வந்தார். கன்வர்ட்டர் நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். அதற்காக நொய்டா ரோட்டில் அரை மணி நேரம் விரட்டிவிட்டு, பெட்ரோல் பங்க் ஓரத்தில் இருந்த சோதனை வேனுக்கு முன்னால் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் எட்டு வண்டிகள். நண்பர் தேநீர் வாங்கப் போயிருந்தார். சிவப்பு விளக்கில் எஞ்சினை அணைத்துப் பழகிய கை, நான் பாட்டுக்குச் சாவியைத் திருப்பிவிட்டேன். எங்கள் முறை வந்தபோது எல்லாம் ஆறிப்போயிருந்தது. கம்பியைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்தவர் திரையைக் காட்டி, “ஃபெயில், சர்ஜி” என்றார்.

நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். “கல்லு காயாம தோச ஊத்துனா எப்படி வே வரும்? வண்டியத் திருப்பும், ஜல்தி.”

இன்னொரு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தோம். இரண்டாவது தடவை தேறியது. தாளை வாங்கியதும் நடுரோட்டில் அவரைக் கட்டிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

திங்கட்கிழமை தடையில்லாச் சான்றிதழுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தேன். பிறகு சென்னை ஏஜென்ட் ஒருவரிடம் விசாரித்தேன். அங்கே மறுபதிவின்போதும் புகைச் சோதனை உண்டு, அடியில் குனிந்தும் பார்ப்பார்கள் என்றார். சாயங்காலம் மெக்கானிக் போன் செய்து, “கழட்டட்டுமா சாப்?” என்று இந்தியில் கேட்டார். அப்படியே இருக்கட்டும் என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

உடனே நண்பரைக் கூப்பிட்டேன். “கழட்டும்போது விரிசல் விட்டுடுத்து. வெல்டிங்கும் நிக்காதாம். என்ன சொல்றதுன்னே தெரியல.”

“போட்டும் வே. ஒம்ம வண்டி பாஸாயிட்டுல்லா, அது போதும்” என்றார். திட்டியிருக்கலாம். திட்டாதது எனக்கு ஆத்திரமாக வந்தது.

புதன்கிழமை காலை வண்டியை ஏற்றிக்கொண்டுபோக லாரி வந்தது. வழியனுப்ப அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. அரை நாள் லீவு போட்டு மெட்ரோவில் வந்திருந்தார். லாரிக்காரர் சாவியை வாங்கி வண்டியைக் கிளப்பினார்.

வெறும் குழாய் மாட்டிய வண்டியைக் குளிரில் கிளப்பினால் மூன்றாவது மாடி ஜன்னல் கண்ணாடி அதிரும். கன்வர்ட்டர் இருந்தால் லேசாக முனகும், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியும். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வண்டி முனகிக்கொண்டே பலகையில் ஏறியது.

அவர் குனிந்து பார்க்கவில்லை. ஸ்வெட்டருக்குள் கைகளை இழுத்துக்கொண்டு நின்று, அது மேலே போய் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“சத்தமே இல்லாம நல்லா ஓடுது வே” என்றார். “பத்திரமாக் கொண்டுபோய்ச் சேரும்.”

மெக்கானிக் கடை இரண்டு தெரு தள்ளித்தான். வண்டியை இறக்கி, பெட்டியைக் கழற்றி அவர் கையில் கொடுக்க ஒரு மணி நேரம் போதும். லாரிக்காரர் நீட்டிய தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.