என் போனுக்கு வந்த அவள் மெயில்

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தபோது, பாதி ஊருக்கு மெயில் ஐடி போட்டுக் கொடுத்தவள் நான்தான். விண்ணப்பம் போட வருவார்கள், அதில் மெயில் கேட்கும், அவர்களிடம் இருக்காது. பாஸ்வேர்டை நானே போட்டு, மெயிலை என் போனிலும் ஏற்றிக்கொள்வேன். அப்பா வந்து மகளுடையதைக் கேட்பார், புருஷன் வந்து பெண்டாட்டியுடையதைக் கேட்பான். பிரின்ட் எடுத்து நீட்டுவேன். அது தப்பென்று ஒருத்தரும் சொன்னதில்லை.

சிங்கவரத்துப் பெண் ஒருத்திக்கும் அப்படித்தான் போட்டேன். எம்.எஸ்சி. படித்தவள். ஒருநாள் கையில் மாவுக்கட்டோடு வந்து, வழுக்கி விழுந்துட்டேன்க்கா என்றாள். அதற்கப்புறம் வாராவாரம் வந்து மூலை சிஸ்டத்தில் உட்கார்ந்து எழுதுவாள். அவள் பஸ் ஏறியதும் நான் எடுத்துப் படிப்பேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், சீரியலுக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்து படித்தேன். கையை உடைத்தவன் புருஷன். கோயம்புத்தூரில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, ஒன்றாம் தேதி சேர வேண்டும். அங்கே ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்கு எழுதியிருந்தாள்: வீட்டுக்குத் தெரியாது, தயவுசெய்து போன் பண்ணாதீர்கள், மெயில் மட்டும் போடுங்கள்.

அமாவாசைக்கு முதல் நாள். மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் கடை வாசல்வரை நின்றது. அதை விலக்கிக்கொண்டு அவள் புருஷன் உள்ளே வந்தான்.

"வாரா வாரம் இங்க வர்றாளாமே. இன்னா எழுதுறா? ஐடி நீங்கதான போட்டீங்க, தெறங்க."

குரலை உயர்த்தவே இல்லை. அந்த நேரம் பார்த்து மேஜைமேல் இருந்த என் போன் டிங்கென்றது. ஹாஸ்டலில் இருந்து மெயில். அவள் பேர் மேலேயே தெரிந்தது. பாழாய்ப் போன போன்! ஜெராக்ஸ் பேப்பர் கட்டை எடுப்பதுபோல எடுத்து அதன்மேல் வைத்தேன். பாஸ்வேர்டை அவள் மாற்றிவிட்டாள் என்றேன். போட்டுக் காட்டுங்க என்றான். அவன் கண்ணெதிரே வேண்டுமென்றே தப்பாக அடித்தேன். மூன்று தரம் அடித்தேன், மூன்று தரமும் தப்பு என்று சிவப்பில் வந்தது. அவன் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை, என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போய்விட்டான். நான் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவள் வந்தாள். நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன், பொய் சொல்வானேன். அந்தப் பெருமையில், பயப்படாதே, ஹாஸ்டலில் ரூம் போட்டுவிட்டார்கள், மாடியில்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றும் சொல்லிவிட்டேன்.

அவள் இன்னும் மெயிலையே திறக்கவில்லை.

முகம் வெளுத்துப் போனது. என்னைப் பார்த்தாள்.

"அவரு உங்களாண்ட வந்து கேட்டாரு. நீங்க யார கேட்டீங்கக்கா?"

பாஸ்வேர்டை எப்படி மாற்றுவது, என் போனில் இருந்து எப்படி எடுப்பது என்று மட்டும் கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். கீபோர்டில் கை வைத்தவள் புது பாஸ்வேர்டை அடிக்காமல் காத்திருந்தாள். நான் எழுந்து கடைக்கு வெளியே போய் நின்றேன்.