கும்பிட்டு நின்றவர்கள்

நமுனுகுல மலைச்சரிவுத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் தண்ணீர் விழும் பீலி ஒன்றுதான். அதில் யார் முதலில் குடம் வைப்பது என்று இரு வீட்டுக்குள் தொடங்கிய பகை, கீழ் லயத்து அண்ணன் தம்பி இருவரையும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை ஓங்கும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தது. தம்பியின் மனைவி ஒரு காலையில் என்னிடம் வந்தாள்.

"ஐயா, கோயில்ல பாடுறவங்க நீங்க. நீங்க கூப்பிட்டா சனம் வரும். இவங்க ரெண்டு பேரும் தனியா மாட்டிக்கிட்டா வெட்டிக்குவாங்க."

ஞாயிறன்று கோயில் முற்றத்தில் கூடினோம். சண்டை மூண்டால் அனைவரும் ஓடிச்சென்று நடுவில் நிற்பது. அத்தனை பேர் முன்னிலையில் கத்தி தானே தாழும் என்றேன். யாவரும் ஒப்பினர். அழைப்பது எப்படி?

"விசில் ஊதலாங்க."

"விசில் சத்தம் கேட்டா கங்காணி வர்றாருன்னு நீதான்டா மொத ஆளா ஓடுவ!"

சிரிப்பு அடங்கியதும், கோயில் மணியை நிறுத்தாமல் அடிக்கலாம் என்று நான் சொன்னேன்.

"மணி அடிச்சா சுண்டலுக்குல்ல வருவானுங்க!" என்றார் ஒரு கிழவர். அதற்கும் சிரித்துவிட்டு, மணி என்றே முடிவுசெய்தோம்.

தீபாராதனைக்கும் மணியை நிறுத்தாமல்தான் அடிப்பார்கள். அறுபது ஆண்டுகளாக அந்த மணியோசைக்குப் பதிகம் பாடிவரும் எனக்கு அது தோன்றவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, அந்திப் பூசை வேளை. மூடுபனி கோயிலை மறைத்திருந்தது. முழங்கால் வலியால் நான் வாசலிலேயே நின்றேன். மணி ஒலித்தது. வாசல்தோறும் மக்கள் கோயில் திசை நோக்கிக் கைகுவித்தனர். நானும் கண்மூடிப் பாடத் தொடங்கினேன். ஓசை வழக்கத்தைவிட நீண்டது. அம்மனுக்கு இன்று சிறப்பு அலங்காரம் போலும் என்று நெகிழ்ந்து, மேலும் இரண்டு பாடல்களைப் பாடினேன்.

கண் திறந்தபோது தம்பியின் மனைவி எதிரே நின்றாள். மணிக்கயிறு அறுத்த உள்ளங்கைகளில் தோல் உரிந்திருந்தது.

"அவங்க அண்ணன் கத்தியோட வர்றதப் பாத்துதான் ஓடிப்போய் அடிச்சேன். பூசாரிகூட இன்னும் வரலை. கை ஓயுற வரைக்கும் அடிச்சேனே ஐயா. நீங்களுமா கும்பிட்டுக்கிட்டு நிக்கிறீங்க?"

பீலியடியில் அவள் கணவன் கிடந்தான். கொழுந்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் தங்கியது. வலக்கை விரல்கள் அசையவில்லை. அண்ணன் மறியல் சிறையில் இருக்கிறான்.

இப்போது மணி அடித்தால் இரு லயத்தாரும் பதறி ஓடிவருகிறார்கள். தீபத்தட்டோடு நிற்கும் பூசாரியைப் பார்த்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் திரும்புகிறார்கள்.

சென்ற வெள்ளி அவள் கணவனும் வந்தான். திருநீற்றுக்கு இடக்கையை நீட்டினான். இடக்கையில் கொடுக்கும் வழக்கமில்லை. முறை அறிந்தவன் நான் என்று பூசாரி என்னைப் பார்த்தார். நான் அம்மன் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளே தன் வலக்கையில் வாங்கி அவன் நெற்றியில் பூசி, என்னைப் பாராமல் அவனை அழைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"பாடுங்கய்யா" என்றார் பூசாரி.

முதல் அடி நினைவுக்கு வரவில்லை.