மாமி அலாப்பின கதை

“…ஓம், போன வருசம் சீட்டுக்கட்டைத் தூக்கிக் குப்பைவாளிக்குள்ள போட்டது நான்தான். இப்ப புதுசு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறதும் நான்தான். அதுக்கென்ன? நிமிர்ந்து இருங்கோ!”

மாமி சத்தம் போட்டது மாமாவைப் பார்த்து. அப்போது சிட்னியின் பென்டில் ஹில்லில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூட விடுமுறை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனால் பகல் முழுக்க நான் மாமா மாமியோடுதான்.

மாமா ஸ்ட்ரோக் வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, வீடு திரும்பியிருந்த நேரம் அது. பேச்சு வந்துவிட்டது. கால் தடியோடு நடந்தது. வலக்கைதான் சொல்வழி கேட்கவில்லை. காலையில் சுமாராக இருக்கும் கை, மத்தியானத்துக்குள் வீங்கித் தோல் மினுமினுத்துவிடும். “இது கையே? பேக்கரியில ஊதின பணிஸ்!” என்பார் மாமா. இரவில் அந்தக் கை உளைந்து நித்திரையைக் கெடுக்கும். கெட்ட நித்திரையைப் பகலில் கதிரையில் இருந்தபடி பிடிப்பார். அப்போது கை கதிரைக்கு வெளியே தொங்கி இன்னும் வீங்கும். பயிற்சி கொடுக்க வந்த வெள்ளைக்காரப் பிள்ளை, கையைத் தலையணையில் உயர்த்தி வையுங்கள், பகலில் தூங்காதீர்கள், விரல்களை நீங்களாக அசைத்துப் பாருங்கள், விட்டால் விறைத்துப்போகும் என்று சொல்லும். மாமா நல்ல பிள்ளையாகத் தலையாட்டுவார். வந்த பிள்ளை படலையைத் தாண்டுவதற்குள் கண்ணை மூடிவிடுவார்.

மாமி ரீவியைப் போட்டுப் பார்த்தார், மாமா தூங்கினார். தேவாரக் கசெற் போட்டார், மாமா குறட்டையே விட்டார். கடைசியில்தான் இந்தச் சீட்டுக்கட்டு.

சீட்டில் முந்நூற்றுநாலு என்று ஓர் ஆட்டம். அதில் ராசாவை விட ஜாக்தான் பெரியவர். எங்கள் ஆண்கள் அதில் இருந்தால் சோறு தண்ணி கேட்கமாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் மாமிக்கு இருந்த ஒரே எதிரி அந்த ஆட்டம்தான். அதற்காகவே மாமாவின் கூட்டாளியான முன்வீட்டு அங்கிளுக்குக் கதவைச் சாத்தியவர், இப்போது தானே போன் பண்ணிக் கூப்பிட்டார். பாண் பேக்கரியில் இரவு வேலை செய்கிற அந்த மனிதர் வாசலிலேயே நின்றார்.

“அக்கா, உண்மையாத்தான் கூப்பிட்டனீங்களோ? இல்லாட்டிப் பொலிசுக்கும் சொல்லிப்போட்டீங்களோ?”

“கதைக்காமல் வந்து இரும்.”

மாமாவும் அங்கிளும் ஒரு பக்கம், மாமியும் நானும் மறுபக்கம். மாமாவின் வலக்கை மேசையில் தலையணைமேல் ராசா மாதிரி இருந்தது. ஒரு புதுத் தேய்க்கிற பிரஷை நிமிர்த்தி வைத்து, அதன் முட்களுக்குள் சீட்டுகளைச் செருகி, இடக்கையால் ஆடினார். முதலில் மாமிக்குப் பயந்து ஆடினார். பிறகு பகல் தூக்கம் மறந்து ஆடினார். ஒரு நாள் காலையில், மாமாவின் குறட்டை இரவு முழுக்க என்னைத் தூங்க விடவில்லை என்று அம்மாவிடம் முறையிட்டேன். மாமி அதைக் கச்சேரி கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு நின்றார். வீக்கமும் வற்றி, விரல்களில் மடிப்புகள் தெரியத் தொடங்கின. ஆனால் விரல்கள் மட்டும் அசையவில்லை. “அது செத்த கை, விடும்,” என்பார் மாமா. அப்போது மாமியின் முகம் சுருங்கிவிடும்.

ஒரு பின்னேரம் மாமா வெல்லப்போகிற கட்டம். மாமி தேத்தண்ணி ஊற்றிவந்து மாமாவின் இடக்கையில் கோப்பையைக் கொடுத்தார். கொடுத்த கையோடு, மாமா போட்டிருந்த, எல்லாச் சீட்டையும் வெல்லும் துரும்பு ஜாக்கை மேசையிலிருந்து எடுத்துத் தலையணை ஓரத்தில், அந்தச் செத்த விரல்களுக்குப் பக்கத்தில் செருகிவிட்டார். விளையாட்டில் கள்ளம் செய்வதை எங்கள் ஆட்கள் அலாப்புவது என்பார்கள். அதையாவது ஒழுங்காகச் செய்யத் தெரிய வேண்டாமா? பாதிச் சீட்டு வெளியே தெரிந்தது.

“இஞ்சேரும்! அலாப்பாதையும்!”

“ஆர் அலாப்பினது? எங்க, காட்டுங்கோ பாப்பம்!”

“இந்தா! இந்தா கிடக்கு!”

வலக்கையின் இரண்டு விரல்கள் மெல்ல வளைந்து, நத்தைபோல் ஊர்ந்து, சீட்டின்மேல் ஏறி அதை அழுத்தின. மாமா இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தார். எந்தக் கை என்று அவருக்கே தெரியாது. பிறகு குனிந்து பார்த்தார். கத்தல் நின்றது. அங்கிள் தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “மச்சான்…” என்றார்.

நான் ஒருத்திதான் துள்ளித் துள்ளிக் கத்தினேன். “மாமி அலாப்பி! மாமி அலாப்பி!”

மாமிக்கு வெட்கமே இல்லை. கண்ணைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டு, சீட்டைக் கலைத்துத் திரும்பவும் போட்டார். பெரிய மனுசி, பிடிபட்ட பிறகாவது திருந்துவார், இல்லாவிட்டால் வேறு இடத்திலாவது ஒளிப்பார் என்று நான் நினைத்தேன். மாமி மாமாவின் இடக்கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தார். பிறகு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சீட்டை எடுத்து அதே தலையணையின் ஓரத்தில் செருகினார். இந்த முறை விரல்களிலிருந்து கொஞ்சம் தள்ளி.