கேள்வியக்காவின் வீடு

கேள்வி கேட்க உட்காரும்போது அக்கா நாற்காலியைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொள்வார். எதிரே இருக்கும் பிள்ளைக்கு அவருடைய காதுதான் தெரியும், கண் தெரியாது. "மூஞ்சியப் பாத்தா பொய்தான் வரும், தம்பி" என்பார் என்னிடம்.

பதின்வயதுப் பிள்ளைகள் சிகரெட், குடி என்று ஏன் போகிறார்கள், அதில் வீட்டுக்கும் தெருவுக்கும் என்ன பங்கு என்று ஆராயும் குழுவுக்காக நாங்கள் வீடுவீடாக ஏறி இறங்கினோம். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கேள்வியக்கா. "நீங்க போலீஸா?" என்றான் ஒருவன். "போலீஸா இருந்தா நாலு மாடி மூச்சு வாங்கியா ஏறி வருவேன்? உன்னையில்ல கீழ கூப்பிட்டிருப்பேன்!" அவன் சிரித்து முடிப்பதற்குள் முதல் கேள்வியைக் கேட்டுவிடுவார்.

பிள்ளை சொன்னதைப் பெற்றவர்களிடம்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் வேலை போய்விடும்.

எந்த வீட்டுக்குப் போவது என்று குலுக்கிப் போட்டுத்தான் எடுப்பார்கள்; ஒருமுறை அந்தக் குலுக்கலில் அக்காவின் வீடே வந்தது. சொந்த மகளை அவர் கேட்க முடியாது, நான் போனேன். சலவைக்கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழிருந்து ஏறும் நீராவியில் சுவரெல்லாம் ஈரம். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். அவரும் ஒன்பதாவது படிக்கும் மகளும் மட்டும்தான் அங்கே. பேச்சு காதில் விழக் கூடாதென்று அக்கா கீழ்ப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் இறங்கி வந்தபோது அவர் முகம் வெளிறிக் கிடந்தது.

"இவ்ளோ நேரமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கேள்விகளின் கட்டு அப்படி. 'இல்லை' என்றால் அடுத்ததுக்குத் தாவிவிடலாம். 'ஆமாம்' என்றால் எப்போது, எங்கே, யாரோடு என்று வால் நீளும். நேரத்தை வைத்தே அக்கா பதிலைப் பிடித்துவிட்டார்.

"சிகரெட்டா, அதுக்கும் மேலயா? வாயத் தெறக்க வேணாம். தலைய ஆட்டு, போதும்."

"அக்கா, உங்களுக்கே தெரியும்ல..."

"தெரிஞ்சுதான்டா கேக்குறேன்."

நான் ஆடாமல் நின்றேன். அதையும் பதிலாகவே எடுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து, பள்ளி விட்டதும் மகளை அந்த அறைக்குள் விட்டு, வெளியே பூட்டிவிட்டு மாலை வேலைக்கு வந்தார். எதற்காகப் பூட்டுகிறோம் என்று அவளிடம் சொல்லவும் வழியில்லை. சொன்னால், நான் உளறியதாக ஆகிவிடும். பூட்டாதீங்கக்கா என்று பல தடவை வாயெடுத்து, மென்று விழுங்கினேன். அவள் 'ஆமாம்' என்றது எனக்குத் தெரியுமே. என்ன சொல்லித் தடுப்பது? கைப்பைக்குள் சாவி குலுங்கினால் அக்கா பேச்சை நிறுத்திவிடுவார்.

படிப்பு முடிந்ததும் அவள் வெளியூர் விடுதிக்குப் போனாள். வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

பல வருஷம் கழித்து ஒரு மருந்துக்கடையில் அவளைப் பார்த்தேன். மாத்திரையை உறையில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு நான் சொன்னதெல்லாம் பொய்ண்ணா. ஒரு சிகரெட்டக்கூடத் தொட்டதில்ல. அம்மா அந்தக் கேள்வியெல்லாம் மனப்பாடம் பண்றத தினம் கேட்டிருக்கேன். 'இல்ல'ன்னு சொன்னா நீங்க உடனே எழுந்து போயிடுவீங்கன்னு தெரியும். அந்த ரூமுக்கு எங்கிட்டப் பேசன்னு வேற யாரு வந்தா?"